படத்தில் இல்லாத சந்து

ஜனம் பிதுங்கி வழிந்த ஒரு பெருநகர மாவட்டத்துக்குத் தன் முகம் எப்படியிருக்கும் என்றே தெரியாமல் இருந்தது. அதைப் படமாக வரைந்து கொடுக்க, மத்திய அரசின் செல்லப் பிள்ளையான, வீடு வீடாக ஆள் எண்ணும் கணக்கு கிளம்பி வந்தது.

கணக்கு நல்ல உழைப்பாளிதான். ஆனால் பகலில் மட்டும் வரும். கதவைத் தட்டுவதற்குக் கூச்சப்படும்.

தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு சந்து. பகலில் எல்லா வீடுகளிலும் பூட்டு தொங்கியது. அவற்றில் சுகந்தி வீட்டுப் பூட்டுக்குக் கொஞ்சம் தலைக்கனம். காலையில் கம்பெனி வேனைப் பிடிக்க ஓடும்போது சுகந்தி அதை அழுத்திப் பூட்டிவிட்டுச் சொல்வாள்: “நைட் ஷிப்ட் முடிஞ்சு மனுசன் இப்பத்தான் கண்ண மூடியிருக்காரு. எவன் வந்தாலும் வாயத் தொறக்காத.”

வெளியே பூட்டியிருந்தால் யாரும் வந்து தட்ட மாட்டார்கள். உள்ளே அவள் புருஷன் அமல்ராஜ் நிம்மதியாகத் தூங்கலாம். அந்தச் சந்தில் இது சகஜம்.

கணக்கு வந்து நின்றது. “உள்ளே யாராவது உண்டா?”

குறட்டைச் சத்தம் பூட்டுக்கு நன்றாகவே கேட்டது. “அதைச் சொல்ல எனக்கு உத்தரவில்லை” என்றது விறைப்பாக.

“அப்படியானால் காலி என்று போட்டுக்கொள்கிறேன்.”

“போட்டுக்கொள். எனக்கென்ன!”

படம் தயாரானது. மாவட்டம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து மகிழ்ந்தது. “இந்த ஓரத்தில் என்ன, வெறும் வெள்ளை?”

“காலி இடம்” என்றது கணக்கு.

“அடடே, ரோடு போடலாமே!”

மறுவாரமே புல்டோசர் வந்துவிட்டது. சுகந்தி வேலைக்குப் போயிருந்த நேரம். பூட்டு கத்தியது.

“நில்! உள்ளே ஆள் தூங்குகிறார்!”

“படத்தில் யாரும் இல்லையே” என்றது புல்டோசர்.

“படம் தப்பு. நான்தான் அன்று சொல்லவில்லை. புத்தி கெட்டுப் போய்விட்டேன்.”

“அதையெல்லாம் கணக்கிடம் சொல். நான் இடிக்க வந்தவன்.”

முன்சுவர் அதிர்ந்து காரை உதிர்ந்தது. சாவியோ சுகந்தியின் கைப்பையில், கம்பெனி கேட்டுக்கு உள்ளே. பூட்டு பதறியது. அமல்ராஜ் செத்துப் போனால் சாயங்காலம் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? பல்லைக் கடித்துக்கொண்டு தன்னைத்தானே முறுக்கியது. இரும்பு வலித்தது. இன்னும் முறுக்கியது. வளையம் முறிந்து, பூட்டு வாயைப் பிளந்தபடி தரையில் விழுந்தது.

கதவு படாரென்று திறந்தது. லுங்கியை இழுத்துக் கட்டியபடி அமல்ராஜ் ஓடி வந்தான். “யோவ், நிறுத்துய்யா! உள்ள ஆளு இருக்கேன்ல! கண்ணு தெரியல?”

புல்டோசர் நின்றது. பூட்டுக்கு உயிர் திரும்பி வந்தது.

செய்தி கேட்டு கணக்கு மூச்சிரைக்க வந்து சேர்ந்தது. அமல்ராஜை மேலும் கீழும் பார்த்தது.

“பார்த்தாயல்லவா? இப்போதாவது திருத்து” என்று கீழே கிடந்த பூட்டு கெஞ்சியது.

“திருத்தத்தானே வந்தேன்” என்ற கணக்கு, நிதானமாக எழுத ஆரம்பித்தது.

“என்னா சார் எழுதுறீங்க?” என்று அமல்ராஜ் எட்டிப் பார்த்தான்.

“காலி இடத்தில் ஆள் இருந்தால் அதற்கென்று எங்களிடம் ஒரு பெயர் உண்டு. ஆக்கிரமிப்பாளர்.”