ஊசி போடும் கை

குரு ஒரு பெண் டாக்டர். பெயர் இளஞ்சியம். சீடருக்குக் குருவைவிட வயது அதிகம். பட்டாளத்து ஆஸ்பத்திரியில் வெகுகாலம் இருந்து ஓய்வு பெற்ற டாக்டர் தணிகைவேலு அவர். வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல், குடும்ப வைத்தியம் கற்றுக்கொள்கிறேன் என்று, சிவகங்கைப் பக்கம் ஒரு சின்ன ஊரில் இளஞ்சியம் நடத்தும் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். வருகிறவர்கள் நரைத்த தலையைப் பார்த்து அவருக்குத்தான் முதலில் கும்பிடு போட்டார்கள். குருவுக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. சீடர்தான் நெளிந்தார்.

வந்த நாளிலிருந்தே அவருக்குக் குழப்பம். சளி என்று வந்த பெண்ணிடம், "மாமியார் ஊர்லேருந்து வந்துட்டாங்களா?" என்று குரு கேட்பார். முட்டி வலி என்று வந்தவரிடம் தூக்கத்தைப் பற்றி விசாரிப்பார். ஒருவரோடு கூட வந்தவர்களை உள்ளே கூப்பிடுவார். அடுத்தவரோடு வந்தவர்களை வெளியே இருக்கச் சொல்வார். என்ன கணக்கில் இதைச் செய்கிறார் என்று சீடருக்குப் பிடிபடவே இல்லை. பட்டாளத்தில் இந்தத் தொல்லை கிடையாது. டாக்டர் மருந்தை எழுதினால் அது சிப்பாயின் உடம்புக்குள் போய்விடும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டார்.

"டாக்டர், நாம உடம்புக்கு வைத்தியம் பாக்குறோமா, மனசுக்கா, இல்ல குடும்பத்துக்கா?"

"சேவுகன் கால் எப்படி இருக்கு சார்?" என்றார் குரு.

நான் என்ன கேட்டேன், இவர் என்ன சொல்கிறார் என்று சீடர் விழித்தார். ஆனாலும் பதில் சொன்னார். அந்தக் கால்தான் அப்போது அவருடைய தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

சேவுகன் மின்வாரியத்தில் லைன்மேன். சர்க்கரைக்காரர். கம்பத்தில் ஏறி இறங்கும்போது பெருவிரலுக்கு அடியில் உண்டான புண் ஆறாமல் பாதத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மதுரையில் பார்த்த சர்ஜன், சர்க்கரை இறங்காவிட்டால் அடுத்த முறை பாதத்தில் பாதியை எடுக்க வேண்டிவரும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். பாதி பாதத்தோடு எந்த லைன்மேனாலும் கம்பம் ஏற முடியாது.

"இறங்க மாட்டேங்குது டாக்டர். ஒவ்வொரு தடவையும் இன்சுலின் அளவை ஏத்திக்கிட்டே போறேன். சர்க்கரை நின்ன இடத்துலயே நிக்குது."

"ஊசி போடுற கை யாரோடது?"

"என்னது?"

"தினமும் அவருக்கு ஊசி போடுறது யாரு?"

சீடருக்குத் தெரியாது. ஊசி தினமும் போகிறதா என்று கேட்டிருக்கிறார். போகுது என்று சொன்னார்கள். அதற்கு மேல் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

மறுநாள் காலையில் சேவுகன் வந்தார். மனைவி காளீஸ்வரி வழக்கம்போல் கதவோரம் நின்றுகொண்டார். குரு அவரை உள்ளே கூப்பிட்டார்.

"வீட்டுல ஊசி யாரும்மா போடுறது?"

"நான்தாங்க. அவுக கம்பத்துல ஏறுவாக, ஊசியப் பாத்தா முகத்தத் திருப்பிக்கிருவாக."

"இன்னைக்கு இங்கயே போடுங்க. வீட்டுல எப்படிப் போடுவீங்களோ அப்படியே."

சர்க்கரையைப் பார்த்துவிட்டு, இன்சுலின் பாட்டிலையும் ஊசியையும் குரு எடுத்து வைத்தார். சேவுகன் முதன்முதலில் வந்தபோது சீடர் எழுதிய அளவு போதும் என்றார்.

"நான் ஏத்தியிருக்கேனே டாக்டர்" என்று சீடர் குறுக்கே வந்தார்.

"இன்னைக்கு அந்தப் பழைய அளவுதான் சார்."

தன்னைக் கோமாளியாக்குகிறாரோ என்று சீடருக்குக் கோபம்கூட வந்தது. அடக்கிக்கொண்டார்.

காளீஸ்வரி பழகிய கையால் மருந்தை ஊசிக்குள் ஏற்றினார். புருஷன் பக்கத்தில் போய் நின்றார். சேவுகன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வயிற்றில் போட வேண்டிய ஊசி. சட்டையைத் தூக்கவில்லை.

காளீஸ்வரி நின்றார். சேவுகன் உட்கார்ந்திருந்தார். வெளியே நோயாளிகள் இருமிக்கொண்டிருந்தார்கள். சீடர் கடிகாரத்தைப் பார்த்தார்.

கடைசியில் காளீஸ்வரி சீடரைப் பார்த்து, "சட்டையத் தூக்கச் சொல்லுங்க சார்" என்றார்.

சேவுகன் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறார். அவரிடமே சொல்ல வேண்டியதுதானே? சீடர் குருவைப் பார்த்தார்.

"சொல்லுங்க சார்" என்றார் குரு.

"சட்டையைத் தூக்கணுமாம்."

"மகளைத் திருட்டுத்தனமா வழியனுப்பி வச்ச கை என் மேல படக்கூடாதுன்னு சொல்லுங்க சார்."

"கை படக்கூடாதாம்" என்று சீடர் முழுங்கி முழுங்கிச் சொன்னார்.

"பெத்த பிள்ளை கழுத்துல தாலி ஏறுறதப் பாக்கப் போனேன். அது தப்பான்னு கேளுங்க."

"அது தப்பான்னு..."

சீடருக்கு வேர்த்துவிட்டது. சண்டை தனக்கு வலதுபுறமும் இடதுபுறமும் நடக்கிறது, நடுவில் தான் எதற்கு நிற்கிறோம் என்று அவருக்கு விளங்கவில்லை.

"இதுக்கு முன்னாடி இந்த வேலைய யாரு செஞ்சா?" என்று குரு கேட்டார்.

"எந்த வேலை?" என்றார் காளீஸ்வரி.

"இவரு இப்பச் செய்ற வேலை. இங்க இருந்து அங்க சொல்றது."

காளீஸ்வரியின் முகம் கலங்கிப் போயிற்று.

"நாகஜோதிதான். எங்க மக. அப்பாட்டச் சொல்லு, அம்மாட்டச் சொல்லுன்னே இருபது வருசம் ஓடிப்போச்சு. சாப்பிட வரச் சொல்றதும் அவதான், ஊசிக்குக் கூப்பிடுறதும் அவதான். அவ மனசுக்குப் பிடிச்சவனோட போனதுலேருந்து..." புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "தினம் மருந்த ஏத்திக்கிட்டுப் போய் நிக்கிறேன். எந்திரிச்சுப் போயிருவாக. ஊசி போகுதான்னு சார் கேட்டா என்ன சொல்ல? புருஷனை நாலு பேருக்கு முன்னாடி விட்டுக்குடுக்க முடியுமா? போகுதுன்னு சொன்னேன்."

சீடர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். தான் ஏற்றி வைத்திருக்கும் அளவு நினைவுக்கு வந்தது. என்றைக்காவது இருவரும் சமாதானமாகி, அதை அப்படியே போட்டிருந்தால்? சர்க்கரை ஒரேயடியாக இறங்கி உயிரே போயிருக்கும்.

எல்லாம் வெளியே வந்துவிட்டது, இனி ஊசியைப் போட்டு அனுப்பலாம் என்று அவர் நினைத்தார். குரு காளீஸ்வரியிடம், "நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா" என்றார்.

இப்போதுதானே உள்ளே கூப்பிட்டார்! சீடர் தலையைச் சொறிந்தார்.

கதவைச் சாத்திவிட்டுக் குரு சேவுகனுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஊசி போடலைன்னா கால் போயிரும்னு தெரியும்ல?"

"தெரியும்."

"உயிரும் போயிரலாம்னு?"

"ம்."

"போனாப் போகட்டும்னு இருக்கீங்களா?"

இப்படியா கேட்பது என்று சீடர் பதறினார். சேவுகன் பதறவில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தவர்போல மெதுவாகச் சொன்னார்.

"லீவு போடுறதுக்கு முன்னாடி ஒருநாள் கம்பத்துல ஏறப் போனேன். லைனை நிறுத்தியாச்சான்னு போன் போட்டுக் கேட்டுட்டுத்தான் ஏறணும். கேக்காம ஏறுனேன். கரண்டு இருந்தா இருக்கட்டும்னு." பிறகு, "கரண்டு இல்ல. அன்னைக்கு நிறுத்தித்தான் வச்சிருந்தாங்க" என்றார்.

"இப்பவும் அப்படித் தோணுதா?"

"சில நேரம்."

"இதை உங்க வீட்டம்மா தெரிஞ்சுக்கலாமா?"

சேவுகன் சாத்திய கதவைப் பார்த்தார். பிறகு சரி என்று தலையை ஆட்டினார்.

சீடர் குருவின் காதோரம் குனிந்தார். "இது மனநலம் பாக்குறவங்க வேலை டாக்டர். சீட்டு எழுதி அனுப்பிருவோமே."

குரு எழுந்து பக்கத்து அறைக்குப் போனார். அங்கே உட்காரும் மனநல டாக்டர் பிலோமினாவைக் கையோடு கூட்டி வந்தார். பிலோமினா தன் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு வந்து சேவுகன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். பிறகு காளீஸ்வரி உள்ளே வந்தார்.

"நீங்களே சொல்லுங்க" என்றார் குரு சேவுகனிடம்.

சேவுகன் சீடரைப் பார்த்தார். வழக்கம் விடவில்லை. "சார், அவகிட்ட..."

இதை எப்படி எடுத்துச் சொல்வது? சீடர் இரண்டடி பின்னால் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டார். நடுவில் யாரும் இல்லை.

"கரண்ட நிறுத்தியாச்சான்னு கேக்காம ஏறுனேன்" என்றார் சேவுகன், தரையைப் பார்த்து.

காளீஸ்வரிக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் ஓங்கி அழுதார்.

"என்னைக்கு? என்னைக்குய்யா? வீட்டுக்கு வந்து சோறு தின்னியே, ஒரு வார்த்தை சொன்னியா?"

"யாருகிட்டச் சொல்ல?"

"நான் ஒருத்தி கல்லு மாதிரி நிக்கலையா தினமும், ஊசிய வச்சுக்கிட்டு?"

சேவுகன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு சட்டையைத் தூக்கினார். காளீஸ்வரி அழுதுகொண்டே ஊசியோடு குனிந்தார். பிலோமினா அவருடைய முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். ஊசி இறங்கியது.

அதன் பிறகு சேவுகனும் காளீஸ்வரியும் வாரா வாரம் சேர்ந்தே வந்தார்கள். மூன்று டாக்டர்களும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து அவர்களோடு பேசினார்கள். சில நாள் சேவுகனிடம் மட்டும் பேசினார்கள், சில நாள் காளீஸ்வரியிடம் மட்டும். மகள் இன்னும் வீட்டுப் படி ஏறவில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டையும் ஓயவில்லை. ஆனால் நேருக்கு நேராகச் சண்டை போட்டார்கள்.

ஒருநாள் சீடர் சேவுகன் காலில் போட்டிருந்த கட்டைப் பிரித்தார். புண் ஓரத்தில் சிவப்பாகப் புதுச் சதை வளர்ந்திருந்தது. வெட்ட வேண்டாம், கால் தப்பித்தது என்று மதுரை சர்ஜன் எழுதி அனுப்பினார். சீடருக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. குழப்பம் மட்டும் போகவில்லை.

எல்லோரும் போன பிறகு குருவிடம் வந்தார்.

"நான் மருந்தை ஏத்திக்கிட்டே போனேன், புண் ஆறல. நீங்க குறைச்சீங்க, ஆறுது. கூப்பிட்டீங்க, அனுப்புனீங்க, திரும்பக் கூப்பிட்டீங்க. எனக்கு இன்னும் விளங்கல டாக்டர். அப்படி என்ன மருந்து குடுத்தீங்க அவருக்கு?"

குரு கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"நீங்க முதன்முதல்ல எழுதுன அதே மருந்துதான் சார். இப்பத்தான் போய்ச் சேந்திருக்கு."