கஞ்சி ஊட்டிய ரயில் டிரைவர்

கொள்ளிடக் கரையில் ஆதரவற்றவர்களுக்கான இல்லம் ஒன்றை சிஸ்டர் பெர்னதெத் நடத்திவந்தார். வயது முப்பத்தாறு. அதிகம் பேசமாட்டார். மனம் உடைந்து வருகிறவர்கள் பத்து நாள் தங்கி ஜெபித்துவிட்டுப் போக, தோட்டத்தின் ஓரத்தில் நாலு அறைகள் இருந்தன.

ஒரு தவக்காலத்தில் சவரிராயன் அங்கே வந்தார். ஐம்பத்து நாலு வயது. இருபத்தொன்பது வருடம் ரயில் ஓட்டியவர். அவர் குடியிருந்த பொன்மலையில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மளிகைக் கடையில் டிரைவர், கோயிலில் டிரைவர். மனைவி ரெஜினாகூட எல்லோருக்கும் டிரைவர் வீட்டம்மாதான்.

கண் பரிசோதனையில், சிவப்பையும் பச்சையையும் அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இனி இன்ஜினில் ஏற முடியாது என்றார்கள். மற்ற டிரைவர்களுக்கு டூட்டி போடும் அலுவலகத்தில் மேசை வேலை கொடுத்தார்கள். மாதம் முடிவதற்குள் சேர வேண்டும்.

உத்தரவு வந்த அன்றைக்கு வாசலில் ‘ரயில் டிரைவர்’ என்று எழுதியிருந்த பெயர்ப் பலகையைத் தன் கையாலேயே கழற்றி, கட்டிலுக்கடியில் தள்ளினார். அந்தக் கட்டிலில் படுத்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. சாப்பாடு பாதியாயிற்று, பேச்சு அதையும்விடக் குறைந்தது. மூன்றாவது வாரம் ரெஜினாதான் ஆட்டோ பிடித்து இங்கே கொண்டுவந்து விட்டார்.

“என்ன வேணும்?” என்று கேட்டார் சிஸ்டர்.

“நான் யாருன்னு தெரியணும் சிஸ்டர். கிறிஸ்தவன்தான். பூசைக்குப் போறேன், ஜெபம் சொல்றேன். ஆனா கண்ண மூடி என்னை நெனச்சுப் பாத்தா, இன்ஜின்ல நிக்கிற ஆள்தான் தெரியறான். அவன எறக்கி விட்டுட்டாங்க. மிச்சம் யாரு இருக்கா?”

சிஸ்டர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். “மணி எட்டாகப்போகுது. ஒருத்தருக்குக் கஞ்சி குடுக்கணும். வர்றீங்களா?”

பின்கட்டில், ஜன்னலோரக் கட்டிலில் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கவாதத்தில் ஒரு கை விழுந்திருந்தது. பேருந்து நிலையத்தில் கிடந்தவரை யாரோ கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். தன் பேரும் ஊரும் அவருக்கே நினைவில்லை. இல்லத்தில் அவரை ராசா என்று கூப்பிட்டார்கள்.

“முன்ன என்ன வேலை பாத்தாராம்?” என்றார் சவரிராயன்.

“தெரியாது. கஞ்சி சூடா இருக்கு, ஆத்திக் குடுங்க.”

கிண்ணத்தையும் ஸ்பூனையும் அவர் கையில் கொடுத்துவிட்டு சிஸ்டர் போய்விட்டார்.

முதல் நாள் பாதிக் கஞ்சி ராசாவின் சட்டையில் வழிந்தது. இரண்டாம் நாள் சவரிராயனுக்குக் கொஞ்சம் கை பழகியது. பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்ததுபோல், தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். மழையில் தண்டவாளம் தெரியாமல் ஓட்டிய ராத்திரிகள், அதிகாரிகள் கைகொடுத்துப் பாராட்டியது, ஒரு எருமைக்கூட்டத்தைக் காப்பாற்றியது.

“நான் யாருன்னு தெரியுதா?” என்று நடுவில் கேட்டார்.

ராசா வாயைத் திறந்தார், அடுத்த ஸ்பூனுக்காக.

சவரிராயனுக்குக் கோபம் வந்தது. பிறகு, பல வாரங்களில் முதல் தடவையாகச் சிரிப்பும் வந்தது.

ஐந்தாம் நாள் அவர் உள்ளே நுழைந்ததும் ராசாவின் முகம் மலர்ந்தது. கோணிய வாயால், “வந்துட்டியா” என்றார். அதற்கடுத்த நாளும் அப்படியே. எட்டு மணிக்கு அந்த அறைக்குள் நுழையும்போது தன் நடை வேகமாவதைச் சவரிராயனே கவனித்தார்.

ஒன்பதாம் நாள் சவரிராயனுக்குக் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. போர்த்திக்கொண்டு படுத்திருந்தவர், கதவருகே சக்கர நாற்காலிச் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினார். ராசா கஞ்சி வேண்டாமென்று கதவையே காட்டிக்கொண்டிருந்ததால், ஆயா அவரைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்.

ராசா அவரைப் பார்த்தார். சிரித்தார். கஞ்சி கேட்கவில்லை. சும்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சவரிராயன் போர்வையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

பத்தாம் நாள் காய்ச்சல் விட்டிருந்தது. ராசாவுக்குக் கஞ்சி ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு, சிஸ்டரிடம் விடைபெற வந்தார். வாசலில் ரெஜினா ஆட்டோவோடு காத்திருந்தார்.

“திங்கக்கிழமை அந்த மேசையில போய் உக்காரப்போறேன் சிஸ்டர்.”

“நல்லது.”

“ஒண்ணு கேக்கணும். ராசாவுக்கு நான் ரயில் ஓட்டுனவன்னு தெரியாது. சொன்னாலும் மண்டையில நிக்காது. அப்புறம் எதுக்கு என்னைப் பாத்தா அவ்வளவு சந்தோஷம்? கஞ்சி ஊட்டுறவன்கிறதாலன்னு நெனச்சேன். நேத்து நான் ஊட்டவே இல்ல. துணியச் சுத்திக்கிட்டுக் கிடந்தேன். அப்பவும் அதே சிரிப்பு.”

சிஸ்டர் ஒரு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார்.

“மனுசன் ஒருத்தர் அப்படி இருக்கலாம். அவருக்கு நினைவே இல்ல. ஆனா ஆண்டவருக்கு எல்லாம் தெரியுமே. நான் எதுக்கும் ஆகாம, இந்த மேசையும் போயி, மறுபடியும் படுத்துக் கிடந்தா, அவரு என்னை என்னன்னு கூப்பிடுவாரு?”

“உங்களுக்கு எப்ப ஞானஸ்நானம் குடுத்தாங்க?”

“பொறந்த பதினோராம் நாள். அம்மா சொல்லுவாங்க.”

“அன்னைக்குத்தானே ஆண்டவர் உங்களை மகன்னு கூப்பிட்டார்?”

“ஆமா சிஸ்டர்.”

“அப்ப நீங்க எந்த ரயில் ஓட்டிக்கிட்டிருந்தீங்க?”