திருட்டு முழி

அந்தக் காலத்தில், பறவைக்கும் விலங்குக்கும் ஒரே பேச்சு இருந்தபோது, தேவாங்கும் மற்றவற்றைப் போலப் பகலில்தான் நடமாடியது. குச்சி போன்ற கைகால்கள். முகத்தில் பாதியை அடைத்துக்கொண்ட இரண்டு வட்டக் கண்கள். அச்சமே இல்லாதபோதும் அவை அச்சத்தில் விரிந்தவை போலவே இருக்கும்.

உசிலை மரமொன்றில் புள்ளிப்புறா இரண்டு முட்டைகள் இட்டிருந்தது. அது இரைதேடப் போன ஒரு காலையில், வால்காக்கை வந்து ஒரு முட்டையை உடைத்துக் குடித்தது. எதிர்க்கிளையிலிருந்த தேவாங்கு அதைப் பார்த்துவிட்டது. புறா திரும்பியதும் மெல்ல இறங்கிவந்து, "அக்கா, உங்க முட்டையை..." என்று தொடங்கியது. புறா அதன் கண்களைப் பார்த்தது. மீதியைக் கேட்கவில்லை.

வழக்கு மந்தியிடம் போனது. மந்தி ஓரவஞ்சனை அறியாதது என்று காடே நம்பியது. மந்தியும் அப்படியே நம்பியது.

"கூட்டுக்கிட்ட உனக்கென்ன வேலை?"

"நடந்ததைச் சொல்லத்தான் போனேன் அம்மா. எடுத்தது வால்காக்கை. என் கண்ணால பார்த்தேன்."

"அந்தக் கண்ணைப் பத்தித்தான் நாங்களும் பேசிக்கிட்டிருக்கோம்," என்றது அணில். கூட்டம் சிரித்தது.

செம்பழுப்பு உடலும் நீண்ட வாலுமாக வால்காக்கை பணிவுடன் முன்னே வந்தது. "நான் காலையிலேருந்து பாலைமரத்துல பழம் தின்னுக்கிட்டிருந்தேன் அம்மா. பாவம், அதைத் திட்டாதீங்க. பசியா இருந்திருக்கும்."

அதன் அலகில் மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. மந்தி அதைக் கண்டது. பழச்சாறு என்று எண்ணிக்கொண்டது. தேவாங்கின் கைகளை விரித்துப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"உன் மேல எனக்கு விரோதம் எதுவும் இல்லை," என்றது மந்தி. "ஆனா திருட்டு முழி முழிக்கிறே. வேற என்ன சாட்சி வேணும்?"

"பிறந்ததிலேருந்தே இப்படித்தான் அம்மா பார்க்கிறேன்."

"அப்போ பிறந்ததிலேருந்தே திருடுறேன்னு சொல்லு," என்றது அணில்.

உசிலை மரத்துப் பக்கமே வரக் கூடாது என்று தேவாங்கை விரட்டினார்கள். மறுநாள் புறா, வால்காக்கையை அழைத்தது.

"தம்பி, தண்ணி குடிச்சிட்டு வர்ற வரைக்கும் இந்த ஒண்ணை மட்டும் பார்த்துக்கிறியா?"

"நிம்மதியாப் போயிட்டு வாங்க அக்கா."

தொலைவில், புதருக்குள்ளிருந்து தேவாங்கு அதைக் கேட்டது. வால்காக்கை கூட்டின் பக்கம் தலையைத் திருப்புவதையும் கண்டது. கத்தியிருக்கலாம். கத்தினால் எல்லோரும் முதலில் தன் முகத்தைத்தான் பார்ப்பார்கள் என்று அதற்குத் தெரிந்திருந்தது. முழங்கால்களுக்கிடையே தலையைப் புதைத்துக்கொண்டது.

புறா வந்தபோது கூட்டில் நான்கு சுள்ளிகள்தாம் இருந்தன. "ஒரு நிமிஷம்தான் அக்கா அந்தப் பக்கம் திரும்பினேன்," என்று வால்காக்கை தேம்பியது. யார் எடுத்தது என்று புறா கேட்கவே இல்லை. புதரைப் பார்த்துச் சபித்தது.

அன்று முதல்தான் தேவாங்கு பகலெல்லாம் முகத்தைப் புதைத்துச் சுருண்டு கிடக்கிறது. தன்னை யாரும் பார்க்க முடியாத இருட்டில் மட்டுமே கண் திறக்கிறது. அப்போது எதைக் கண்டாலும் யாரிடமும் சொல்வதில்லை.