தலை சாய்த்து ஏறிய எறும்பு

ஒரு காட்டில் ஊசி நுழையவும் இடமில்லாத கரும்பாறை ஒன்று இருந்தது. அதன் உச்சியில் ஒரு தட்டைக்கல் கவிழ்ந்து கிடந்தது. மழை வரப்போகிறது என்று அறிந்த எறும்புகள், தங்கள் முட்டைகளை அந்தக் கல்லுக்கு அடியில் கொண்டுபோய் வைத்தன.

ஏறும் எறும்பு தலையை வலப்பக்கம் சாய்த்திருக்கும். இறங்கும் எறும்பு இடப்பக்கம். ஒன்றையொன்று தொட்டதுமே யார் எங்கே போகிறார் என்று தெரிந்துவிடும். குழந்தைகளே, சில படிகங்களில் எலக்ட்ரான்களும் இப்படித்தான். உள்ளே நுழையாமல் மேற்பரப்பிலேயே ஓடும். போகும்போது ஒரு சுழற்சி, திரும்பினால் எதிர்ச்சுழற்சி.

ஏறும் வழி முட்புதருக்குள் தொடங்கியது. இறங்கும் வழி ஒரு தேரையின் காலடியில் முடிந்தது. எறும்பு புளிக்கும் என்று தேரை தொடாது. ஆனால் முட்டை என்றால் அதற்கு உயிர். முட்புதருக்குள் நுழைய அதனால் முடியாது, முட்டை சுமந்த எறும்பு திரும்பி இறங்கி வந்தால்தான் உண்டு.

தேரை பின்னங்காலால் மண்கட்டிகளைப் பாறைமேல் எற்றியது. எறும்புகள் சற்று ஒதுங்கி, வளைந்து, மறுபடி மேலேயே ஏறின. ஒன்றுகூடத் திரும்பவில்லை.

“அடடா, என்ன நடை!” என்று தேரையே வியந்தது. பிறகு குரலை இனிமையாக்கிக்கொண்டு, முட்டையோடு ஏறிக்கொண்டிருந்த செங்காலி என்ற எறும்பை அழைத்தது.

“தங்கச்சி செங்காலி, கழுத்து வலிக்கவில்லையா?”

“வலிக்கத்தான் செய்கிறது, அண்ணா.”

“தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்துக்கொள்ளேன். முட்டையா விழுந்துவிடப் போகிறது?”

செங்காலி சாய்த்தது. சுகமாக இருந்தது.

பின்னால் வந்த எறும்பு அதைத் தொட்டுப் பார்த்தது. “இறங்குகிறவளுக்கு இங்கே என்னடி வேலை? அந்தப் பக்கம் போ.”

“நான் ஏறுகிறவள், அக்கா.”

“தலையைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே” என்று அது தள்ளியது. அடுத்ததும் தள்ளியது. இறங்கும் கூட்டம் செங்காலியை முட்டையோடு கீழே இழுத்துச் சென்றது.

தேரையின் வாய் திறந்தது. அந்த வாயைப் பார்த்ததும் செங்காலிக்கு எல்லாம் விளங்கியது. வலித்தாலும் தலையை வலப்பக்கம் திருப்பியது.

“ஏறுகிறவளா? வழி தவறி வந்துவிட்டாயே, போ, போ” என்று இறங்கிய எறும்புகள் அதைத் தங்கள் முதுகுகளின் மேலேயே ஏற்றி அனுப்பின. தேரையின் நாக்கு வெறும் பாறையில் ஒட்டிக்கொண்டது.

முதல் தூறல் விழுந்தபோது, செங்காலியின் முட்டை தட்டைக்கல்லின் அடியில் நனையாமல் இருந்தது.

நீதி: வழியில் கிடக்கும் தடை நம்மைத் திருப்பாது, நம் நிலையை நாமே மாற்றிக்கொண்டால் திரும்பிவிடுவோம்.