பூவலிங்கத்தைக் கழற்றி வைத்த கதை

கீழப்புளியூரில் முட்டாள்கள் என்று யாரும் கிடையாது. சொன்னதைச் சொன்னபடியே செய்கிறவர்கள் உண்டு, அவ்வளவுதான். அயலூர்க்காரர்களுக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாததால் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்களோடு சேர்ந்து சிரிப்பதுதான் மரியாதை என்று எப்போதோ யாரோ சொல்லியிருந்தபடியால், கீழப்புளியூர்க்காரர்களும் சேர்ந்தே சிரிப்பார்கள்.

அந்த ஊர்ப் பூவலிங்கத்துக்கு வயது ஏறிக்கொண்டே போயிற்று. உடம்பும் கூடவே ஏறிற்று. கல்யாணம் மட்டும் கைகூடவில்லை. கடைசியில் ஆவரங்குளத்துப் பலவேசத்தின் மகள் தங்கபுஷ்பத்தின் ஜாதகம் பொருந்தி வந்தது. அவளுடைய புகைப்படத்தைப் பார்த்த நாள் முதல் அவனுக்கு இரண்டாம் முறை போட்ட சோறு இறங்கவில்லை. இந்த இடமும் தட்டிப்போனால் இனித் தன் ஜாதகத்தைக் கையால் தொடக்கூட ஆள் இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

பலவேசம் பாட்டுப் பைத்தியம். தரகரிடம் அவர் சொல்லியனுப்பிய நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். “மாப்பிள்ளை வீட்டுக் கார் தெருமுனையில திரும்பும்போதே பாட்டு என் காதுல விழணும். பாட்டு இல்லாத வண்டிக்கு என் வாசல்ல இடம் கிடையாது.”

நல்லவேளையாக, பூவலிங்கத்தின் மச்சான் கொம்பையாவிடம் ஒரு வெள்ளைக் கார் இருந்தது. அதன் டிக்கியில் பெரிய ஆம்ப்ளிஃபையர் ஒன்றும் இருந்தது. பெண் பார்க்கப் போகும் வெள்ளிக்கிழமை காலையில், பட்டுச் சட்டையும் பவுடருமாகப் பூவலிங்கம் பின் இருக்கையில் ஏறி அமர்ந்தான். பக்கத்தில் சித்தப்பா இருளப்பன் தாம்பாளத்தோடு அமர்ந்தார். முன்னால் கொம்பையா. வண்டி ஓட்டச் சித்தப்பா மகன் சீனிச்சாமி. பாட்டைப் போட்டார்கள். ‘கர்ர்’ என்று ஒரு சத்தம். அதன்பின் அதுவும் இல்லை.

ராகு காலத்துக்கு முன் போய்ச் சேர வேண்டும். பாட்டோடு போய்ச் சேர வேண்டும். டவுனில் செட்டு மாட்டிக் கொடுத்த மெக்கானிக் சகாயராஜுக்குப் பூவலிங்கம் இருந்த இடத்திலிருந்தே போன் போட்டான்.

“டிக்கியில ஆம்ப் மேல ஒரு சின்ன விளக்கு இருக்கும். என்ன கலர் எரியுது?”

“சிவப்பு, அண்ணாச்சி,” என்று கொம்பையா இறங்கிப் பார்த்துச் சொன்னதைப் பூவலிங்கம் ஒப்பித்தான்.

“சிவப்பு எரிஞ்சாப் பாடாது. பச்சை எரியணும். பச்சை ஆனதும் கூப்பிடுங்க.” கடையில் ஆள் நின்றதால் சகாயராஜ் போனை வைத்துவிட்டார்.

பட்டுச் சட்டை அழுக்காகக் கூடாதென்று பூவலிங்கம் தன் இடத்தைவிட்டு அசையவில்லை; மற்ற மூவரும் டிக்கியைச் சுற்றி நின்று யோசித்தார்கள்.

“பச்சை ஆக்கணும்னு சொன்னாரே ஒழிய, எப்படின்னு சொல்லலையே,” என்றான் பூவலிங்கம்.

“அது நம்ம சௌகரியம்னு விட்டிருக்காரு,” என்றார் இருளப்பன். “பெரிய மனுஷன்.”

தாம்பாளத்தில் பெண்ணுக்காக வாங்கிய பொட்டு அட்டை இருந்தது. அதிலிருந்து ஒரு பச்சைப் பொட்டை எடுத்துக் கொம்பையா விளக்கின்மேல் அழுத்தி ஒட்டினான். விளக்கு இப்போது பச்சையாகவே இருந்தது. பாட்டுத்தான் வரவில்லை.

“பச்சை ஆயிடுச்சு அண்ணாச்சி. ஆனா பாடலை,” என்று பூவலிங்கம் மறுபடி போனில் சொன்னான்.

சகாயராஜின் அனுபவத்தில் அப்படி நடந்ததில்லை. “அப்ப வயர்லதான் கோளாறு. ஸ்பீக்கருக்குப் போற சிவப்பு வயரும் கறுப்பு வயரும் ஒண்ணையொண்ணு தொடக் கூடாது. அதைப் பாருங்க.”

அவர்கள் பார்த்தார்கள். இரண்டும் ஒரே துவாரத்தின் வழியாக, ஒரே வீட்டுப் பிள்ளைகள்போல ஒட்டி உரசிக்கொண்டு வந்தன. எல்லாருக்கும் திக்கென்றது. சிவப்பு வயரை உருவி வலது ஜன்னல் வழியாக வெளியே விட்டார்கள். கறுப்பை இடது ஜன்னல் வழியாக விட்டார்கள்.

“வண்டி வளைவுல திரும்பும்போது காத்துல பறந்து தொட்டுக்கிட்டா?” என்று கேட்டான் சீனிச்சாமி.

“நான் நடுவுல உட்கார்ந்து பார்த்துக்கிடுதேன்,” என்றார் இருளப்பன். ஊரில் சொத்துத் தகராறுகளில் நடுவில் உட்கார்ந்து பழகியவர் அவர்தான்.

வயர்கள் அதன்பின் தொட்டுக்கொள்ளவே இல்லை. பாட்டும் வரவில்லை. பூவலிங்கத்தின் முகத்துப் பவுடர் வேர்வையில் கோடு கோடாக இறங்கியது. மூன்றாம் முறையாகப் போன் போட்டான்.

சகாயராஜும் சற்றே களைத்திருந்தார். “அண்ணாச்சி, நிதானமாக் கேளுங்க. ஆம்போட சேர்ந்த எல்லாத்தையும் கழற்றிடுங்க. பிறகு ஒவ்வொண்ணா மாட்டுங்க. ஒவ்வொரு தடவையும் விளக்கைப் பாருங்க. எதை மாட்டினதும் சிவப்பு வருதோ, அதுலதான் கோளாறு.”

“எல்லாத்தையும்னா, எது வரைக்கும்?” என்று கொம்பையா மற்றவர்களைக் கேட்டான்.

இருளப்பன் கண்ணை மூடி யோசித்தார். “ஆம்ப் எதோட சேர்ந்திருக்கு?”

“காரோட.”

“காரோட சேர்ந்தது?”

“சீட்டு.”

“சீட்டோட சேர்ந்தது?”

“நாமதான் சித்தப்பா,” என்றான் பூவலிங்கம் மெல்ல.

“அப்ப இறங்குங்க.”

இறங்கினார்கள். ஸ்பீக்கர்களைக் கழற்றினார்கள். தாம்பாளம், தேங்காய், பூச்சரம், முன்னால் தொங்கிய எலுமிச்சம்பழம், மிதியடி, இருக்கை மெத்தைகள் எல்லாம் சாலையோரத்தில் வரிசையாக வந்து இறங்கின. பொட்டும் ஆம்போடு சேர்ந்ததுதான் என்று சீனிச்சாமி நினைவூட்டியதால் அதையும் உரித்தார்கள். அடியில் விளக்கு பச்சையாகவே எரிந்தது.

“பொட்டோட சாயம் இறங்கிடுச்சு போல,” என்றான் கொம்பையா.

ஒவ்வொன்றாக மாட்டினார்கள். மெத்தைகளைப் போட்டார்கள், பச்சை. சீனிச்சாமி, தனக்குத் தெரிந்த ஒரே முறைப்படி, வயர்களைப் பழைய வழியிலேயே இழுத்து ஸ்பீக்கர்களை மாட்டினான். பச்சை, பாட்டும் கணீரென்று வந்தது. மரத்துக் காக்கைகள் பறந்தன. பூவலிங்கத்துக்குக் கண் கலங்கியது. தேங்காயை வைத்தார்கள், பாடியது. எலுமிச்சம்பழத்தைக் கட்டினார்கள், பாடியது. சீனிச்சாமி ஏறினான், கொம்பையா ஏறினான், இருளப்பன் தாம்பாளத்தோடு ஏறினார். பாட்டு ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

கடைசியாகப் பூவலிங்கம் தன் இடத்தில் ஏறி அமர்ந்தான். பாட்டு நின்றது. டிக்கியில் சிவப்பு.

எழுந்தான், பாடியது. அமர்ந்தான், நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டு அமர்ந்தான். சாமியைக் கும்பிட்டுவிட்டு அமர்ந்தான். ஒரு பக்கமாகச் சாய்ந்து பாதி மட்டும் அமர்ந்தான். அப்போது பாட்டு பாதிச் சொல்லோடு நின்றது. அந்த இருக்கைக்கு அடியில் ஒரு வயர் அவனுடைய பாரத்தில் நசுங்கி இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. விளக்கைப் பார்க்கச் சொல்லியிருந்தார்களே தவிர, இருக்கைக்கு அடியில் பார்க்கச் சொல்லவில்லை.

“கோளாறு கிடைச்சிருச்சு அண்ணாச்சி,” என்று கொம்பையாவே இம்முறை போனில் பேசினான். “அதை வேற இடத்துல மாத்தி வச்சாச் சரியாப் போகுமா?”

“கோளாறான பொருளை எங்க மாட்டினாலும் கோளாறுதான். அதைக் கழற்றி வச்சிட்டு, மத்ததோட நீங்க கிளம்புங்க. கழற்றினதைக் கடைக்கு அனுப்புங்க, பார்க்கறேன்.”

எல்லாரும் பூவலிங்கத்தைப் பார்த்தார்கள்.

“நான் இல்லாம எனக்குப் பொண்ணு பார்க்கப் போறதா?” என்றான் அவன்.

“மாப்ள, பொண்ணோட அப்பா என்ன கேட்டாரு? தரகர் சொன்னதை அப்படியே சொல்லு,” என்றான் கொம்பையா.

பூவலிங்கம் சொல்லிப் பார்த்தான். கார் இருந்தது, தெருமுனை இருந்தது, பாட்டு இருந்தது. மாப்பிள்ளை வர வேண்டும் என்று எங்குமே இல்லை.

“உன்னைக் கூட்டிட்டுப் போனாப் பாட்டு வராது. பாட்டு வரலைன்னா வாசல்லயே விடமாட்டாரு. அப்ப உனக்குத்தானே நஷ்டம்?” என்றார் இருளப்பன் பரிவாக.

பூவலிங்கம் கதவைத் தானே சாத்தி அனுப்பிவைத்தான். கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. கண்மாய்க்கரை தாண்டியும் பாட்டுத் தெளிவாகக் கேட்டது. தன்னால்தான் இந்தத் தெளிவு என்ற நினைப்பு அவனுக்குச் சற்றே ஆறுதலாக இருந்தது.

டவுன் பஸ்ஸில் ஏறி, கண்டக்டரிடம் தனக்கு ஆள் டிக்கெட்டா, லக்கேஜ் டிக்கெட்டா என்று விசாரித்து, ஏச்சோடு ஆள் டிக்கெட்டையே வாங்கிக்கொண்டு, சகாயராஜின் கடைக்குப் போய்ச் சேர்ந்தான்.

சகாயராஜ் ஒரு செட்டுக்குள் முகத்தைப் புதைத்து வயருக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

“கீழப்புளியூர்ல இருந்து கோளாறான பொருள் வந்திருக்கு, அண்ணாச்சி.”

“அந்த அலமாரியில வைங்க. வரிசைப்படி பார்க்கறேன்,” என்றார் அவர், நிமிராமலே.

பூவலிங்கம் கீழ்த்தட்டில் இருந்த பழைய ஸ்பீக்கர்களை மரியாதையாக ஒதுக்கிவிட்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு உள்ளே அமர்ந்தான். சட்டைப்பையில் போன் அடித்தது. சித்தப்பா.

“எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுடா. தெருமுனையிலேயே பாட்டைக் கேட்டுட்டுப் பலவேசம் ஓடி வந்துட்டாரு. அவருக்கு முழுத் திருப்தி. மாப்பிள்ளை எங்கன்னு கேட்டாரு, ரிப்பேருக்குக் கொடுத்திருக்கோம்னேன். சரி, எந்த வீட்லயும் உள்ளதுதானேன்னுட்டாரு.”

“பொண்ணு என்ன சொல்லுச்சு?” என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான் பூவலிங்கம்.

“தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு. ரிப்பேர் முடிஞ்சு வந்தாப் பாடுமான்னு.”

பூவலிங்கம் போனை வைத்தான். பிறந்ததிலிருந்து அவன் பாடியதில்லை. யாரும் பாடச் சொன்னதும் இல்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கண்ணை மூடி, அலமாரி அதிர ஓர் இழுப்பு இழுத்தான்.

“யாருப்பா அது, சவுண்டைக் குறைங்க,” என்றார் சகாயராஜ், அப்போதும் நிமிராமல்.

பூவலிங்கம் தன் பட்டுச் சட்டையின் மேல் பித்தானை இடப்பக்கமாக மெல்லத் திருகி, சத்தத்தைக் குறைத்துக்கொண்டு பாடினான்.