முறப்பல் யாருக்கு?

வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். இது பல் விவகாரம்.

நாகப்பட்டினத்துக் கப்பல்காரர் வேலாயுதனார் சாகும்முன் ஓலை எழுதி வைத்தார்: "சிறுவயதில் புயலில் தொலைந்த என் பிள்ளை உயிரோடிருந்தால், என் வீடு அதற்கே. அடையாளம், சீனத்திலிருந்து வந்த என் தாய்வழி இறங்கிய முறப்பல். அங்கே அது பலருக்கு உண்டு. இந்த ஊரில் எங்கள் ரத்தத்துக்கு மட்டும்."

நியாயம் சொல்ல உட்கார்ந்த அம்பலவாணர் பிறந்ததிலிருந்து முறத்தைத் தொட்டதில்லை. முறம் என்றால் அகலம்தானே என்று தண்டோரா போட்டுவிட்டார். அவ்வளவுதான், ஊரிலிருந்த பல்லன்கள் எல்லாம் வாசலில் வரிசை! வயதும் புயலில் தொலைந்த கதையும் பொருந்தாதவர்களைக் கழித்துக் கட்டியதில் மூன்று பேர் மிஞ்சினார்கள்.

ஏகாம்பரத்துக்கு உதடு மூடாது. "இதைவிடப் பெரிய முறம் எங்கே இருக்கு ஐயா?" என்றான்.

சூரக்கண்ணு ரம்பத்துக்கு அரம் போடுகிறவன். பெண்டாட்டி அரிசி புடைக்கிறவள். முன்பல் இரண்டும் பின்பக்கம் வழவழவென்று குழிந்திருந்தன.

செம்பாயி கிணற்றுப்படியில் விழுந்து முன்பல் நான்கும் போனவள். குடிசையைக் கடல் கொண்டுபோனபின் புருஷனோடும் ஒன்பது வயது மகளோடும் சத்திரத்தில் கிடந்தாள். அங்கேயும் நாளைக்குக் கிளம்பச் சொல்லிவிட்டார்கள். "நாந்தாங்க அவர் மக" என்றாள். காற்றுதான் வந்தது.

"பல் போனால் சொல் போச்சு!" என்று கூட்டம் சிரித்தது. மகளும் சிரித்தாள்.

"நீ வேற பல்லைக் காட்டாதேடி!" என்று அதட்டிவிட்டு, செம்பாயி அழுதே விட்டாள். அவள் புருஷன் செய்வதறியாமல் இளித்தான். அவன் பற்கள் தட்டையான பலகை.

பார்க்கப் பொறுக்காமல் அம்பலவாணரின் மனைவி சிவகாமு எல்லோருக்கும் பானைக் குளிர்ச்சியோடு பானகம் கொடுத்தாள். ஏகாம்பரம் இரண்டு குவளை குடித்தான். சூரக்கண்ணு ஒரு வாய் குடித்து, "ஆ!" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "வெந்நீர் இருக்கா தாயி?" என்றான். செம்பாயியின் மகள் அண்ணாந்து குடித்தாள். சிவகாமு அவள் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள். புதிதாய் முளைத்த மேல்பற்கள் நான்கிலும் பின்பக்கம் குழி, இருபுறமும் தூக்கிய விளிம்பு.

சிவகாமு உள்ளே போய் ஒரு முறத்தைக் கொண்டுவந்து புருஷன் மடியில் வைத்தாள். "முதலில் இதைத் தடவிப் பாருங்கள், அப்புறம் நியாயம் பேசலாம்."

அவர் தடவிப் பார்த்தார். நீங்களே சொல்லுங்கள், வீடு யாருக்கு? ஏன்?

விடை: முறத்துக்கு அழகு அகலமல்ல, குழியும் விளிம்பும். ஏகாம்பரத்தினது வெறும் பெரிய பல். சூரக்கண்ணுக்கு முறத்தின் சங்கதியைப் பெண்டாட்டி சொன்னாள், குழியை அரம் தோண்டியது. விளிம்பை எங்கே போய் வாங்குவான்? அராவிய பல் குளிர்ந்த பானகத்தில் கூசி, அவன் குட்டை உடைத்துவிட்டது. சிறுமியின் முறப்பல், பலகைப்பல் உள்ள அப்பன் கொடுத்ததல்ல, தாய்வழி வந்தது. ஓலையிலும் 'பிள்ளை' என்றுதான் இருக்கிறது, மகன் என்றில்லை. வீடு செம்பாயிக்கே. அன்றுமுதல் அவள் மகளைப் பல்லைக் காட்டாதே என்று அதட்டியதே இல்லை.