மூணு சொம்பு மாவு

ஒரு ஊர்ல ஒரு இட்லிக் கடை இருந்துச்சாம். கடைக்காரி பேரு ரெங்கம்மா. அவளுக்கு ஒரு மகன், ஒரு மக. மக சுடர்க்கொடி ஏழாவது படிக்கிறா. போர்வையை இழுத்து விட்டுக்கோ தங்கம், சளி பிடிச்சுக்கும். ம் சொல்றியா?

ம்.

மகனுக்குக் கல்யாணம் ஆகி, பவளம்னு ஒரு அண்ணி வந்தா. சுடருக்கு அண்ணின்னா உசிரு. அந்த வீட்டுல ஒரு வழக்கம். புது மருமக வந்துட்டா அவதான் மாவு கரைக்கணும், மாமியா தொடக் கூடாது. பவளம் கரைச்சா. காலைல பாத்தா, மாவு வச்சது வச்சபடி கிடக்கு! இட்லி ஊத்துனா டொக்கு டொக்குனு கல்லு.

"ஏ ரெங்கம்மா, இது இட்லியா, எடைக்கல்லா?"ன்னு சனம் சிரிச்சுது.

மறுநாளும் மாவு பொங்கல. ரெங்கம்மா மகனைக் கூப்பிட்டா. "இவளுக்குக் கைராசியே இல்லடா. நாளைக்கும் பொங்கலேன்னா அவ அம்மா வீட்டுல கொண்டு போய் விட்டுடு."

அண்ணி மூக்கை உறிஞ்சிக்கிட்டே பெட்டியில துணி அடுக்குனா. சுடர் அதைப் பாக்க மாட்டாம கொல்லைப் பக்கம் ஓடுனா.

அப்போ கொல்லைக் கிணத்துல சளக்குனு ஒரு சத்தம். பஞ்சாயத்து ஆளு! ஊர்ல வாந்திபேதின்னு, கல்யாணத்து நாள்லேர்ந்து தினம் வந்து வெள்ளைப் பொடி கொட்டுறாரு. தண்ணியில மூக்கைத் துளைக்கிற நெடி.

"அண்ணே, அந்தப் பொடி என்ன பண்ணும்?"

"கண்ணுக்குத் தெரியாத கிருமியெல்லாம் செத்துப் போகும் பாப்பா."

"அப்போ மாவைப் பொங்க வைக்கிறதும் கண்ணுக்குத் தெரியாத ஏதாச்சுமா?"

"எனக்கென்ன தெரியும்? உங்க அம்மாவைக் கேளு!"

அம்மாவைக் கேட்டா அடிதான் விழும். அதனால அவ கேக்கல, செஞ்சா. குடுகுடுன்னு ஓடி, பொடி போடாத தோப்புக் கிணத்துலேர்ந்து தண்ணி கொண்டாந்தா. அப்புறம் மூணு சொம்பு எடுத்தா. மொத சொம்பு, கொல்லைத் தண்ணியில ஆட்டி அண்ணி கரைச்சது. ரெண்டாவது, "வழக்கமெல்லாம் கடை மாவுக்குத்தானே, இந்த ஒரு சொம்பு நீ கரைம்மா"ன்னு கெஞ்சி, அதே தண்ணியில அம்மாவைக் கரைக்க வச்சது. "என் கை பட்டா கருங்கல்லும் பொங்கும்டி!"ன்னா ரெங்கம்மா. மூணாவது, தோப்புத் தண்ணியில ஆட்டி அண்ணி கரைச்சது. கேக்குறியா?

ம்ம்.

விடிஞ்சதும் சுடர் பல்லுகூட விளக்கல. மொத சொம்பைத் திறந்தா, சப்புனு கிடக்கு. "பாத்தியா!"ன்னா ரெங்கம்மா. ரெண்டாவதைத் திறந்தா, அதுவும் சப்பு! ரெங்கம்மா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பாத்தா. அப்புறம் மூணாவது... இரு இரு, தூங்கிடாதே... மேல மூடியிருந்த தட்டைத் தொட்டாளோ இல்லையோ, டங்! தட்டு உருண்டு ஓடுது, மாவு புசுபுசுன்னு பொங்கி வழியுது!

"அண்ணீ!"ன்னு கத்துனா பாரு, தெருவே முழிச்சுக்கிச்சு.

ரெங்கம்மா அண்ணியோட அந்தப் பெட்டியைத் தூக்கிப் பரண்ல போட்டா. "தோப்புத் தண்ணி ரெண்டு குடம் எடுத்துட்டு வா பவளம், கடைக்கு நேரமாச்சு"ன்னா. மன்னிப்பெல்லாம் மாமியா வாயில எங்க வரும்?

ஆனா சுடர் விடல. அந்தச் சொம்புக்குள்ள யாரு இருக்கா, எப்படி இருப்பான்னு படிச்சா, படிச்சா, பட்டணத்து ஆய்வுக்கூடம் வரைக்கும் போயிட்டா. அங்க வேலைக்குக் கேள்வி கேட்டவங்க, "ஏம்மா இந்தக் கிருமிப் படிப்பு?"ன்னாங்களாம்.

"எங்க அண்ணி பெட்டி கட்டிட்டாங்க சார், அதான்"னாளாம்.

ம்...

மூணு சொம்பும் கழுவிக் கவுத்தாச்சு, கதையும் முடிஞ்சாச்சு. கண்ணை மூடு, தூங்கு.